மூன்று லட்சம் ரூபாயும் இரண்டு புள்ளிகளும்

கடந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலை, எங்கள் மாவட்டத் துப்பாக்கி சுடுதல் கழகத்தின் தாழ்வாரத்தில் பயிற்சியாளர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திக்கு வாங்க வேண்டியவற்றின் பட்டியல் அது. புதிய ஏர் ரைபிள், மின்னணு டிரிகர், வண்ண வடிகட்டிகள் பொருத்திய குறிநோக்கி, சமநிலைக்கான கூடுதல் எடைகள் என்று வரிசையாக எழுதி, அடியில் கூட்டுத்தொகையும் போட்டிருந்தார். மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டியது. 'சார், கழகத்துப் பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டு இவள் இதற்கு மேல் போக முடியாது' என்றார் அவர். அவர் சொன்னதில் வணிக நோக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மூன்று லட்சம் என்பது எனக்கு வங்கி வைப்புத்தொகையில் ஒரு பெரும் பங்கு. பேத்தியின் கண்ணில் தெரிந்த ஆசையை மறுக்கவும் மனம் இல்லை. எனவே வழக்கமான ஆசிரியப் புத்தி வேலை செய்தது. வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கு இன்று பல குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் வென்றது, தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம். 2012 லண்டனில் ககன் நாரங் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். 2024 பாரிஸில் துப்பாக்கி சுடுதலில் மட்டும் மூன்று வெண்கலப் பதக்கங்கள் கிடைத்தன. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சுடுதளங்களுக்கு வரும் பெற்றோர் பெருகினர். சில மாதங்களில் அவர்கள் கையிலும் இப்படி ஒரு பட்டியல் வந்து சேர்கிறது. கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் அதை நிறைவேற்றியவர்களை நான் நேரில் அறிவேன்.

முதலில், விளையாட்டைச் சற்று விளக்க வேண்டும். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டை அழுத்தப்பட்ட காற்று உந்தித் தள்ளுகிறது. இதனைப் பெல்லட் என்பார்கள். துப்பாக்கியின் எடை 5.5 கிலோவுக்கு மிகக் கூடாது. தொலைநோக்கி பொருத்த அனுமதி இல்லை. சிறு துளை வழியே பார்த்துத்தான் குறி வைக்க வேண்டும். நின்ற நிலையில், 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர் மட்டுமே. பேனா முனை வைத்த புள்ளி அளவு என்று கொள்ளலாம்.

ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. மையத்திலிருந்து குண்டு விலக விலக, ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி குறைகிறது. இரண்டரை மில்லிமீட்டர் விலகினால் சுமார் 10.0, ஐந்து மில்லிமீட்டர் விலகினால் சுமார் 9.0. என் பேத்தி அப்போது 60 குண்டுகளில் ஏறத்தாழ 540 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்தாள். அதாவது, குண்டுக்கு 9 புள்ளி. சராசரி விலகல் 5 மில்லிமீட்டர்.

இந்த 5 மில்லிமீட்டரில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு, அவளது பங்கு எவ்வளவு? இதுதான் அடிப்படைக் கேள்வி. பந்தயத்துக்கென உருவாக்கப்பட்ட ரைபிளை அசையாமல் பிடியில் பொருத்தி, பொருத்தமான பெல்லட்டுகளால் சுட்டால், குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஏறக்குறைய ஒரே துளையாகத் தெரியும். புதிய துப்பாக்கியோடு பெட்டியில் வரும் சோதனைத் தாளில் இதைப் பார்க்கலாம். பழைய துப்பாக்கி, கலப்படமான பெல்லட் என்று எல்லாக் குறைகளையும் சேர்த்து, கருவியின் பிழை 1 மில்லிமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சுடுபவரின் பிழை 5 மில்லிமீட்டர்.

இரண்டையும் கூட்டி 6 என்று சொல்லிவிடக் கூடாது. கருவியின் பிழை ஒரு திசையிலும் மனிதரின் பிழை இன்னொரு திசையிலும் தற்செயலாக நிகழ்கின்றன. சில சமயம் ஒன்றை ஒன்று ஈடுகட்டியும் விடுகின்றன. இத்தகைய பிழைகள் பள்ளியில் நாம் படித்த பிதாகரஸ் தேற்றத்தின்படி சேர்கின்றன. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் இரு பிழைகள் என்றால், கர்ணம்தான் மொத்தப் பிழை. 5இன் வர்க்கம் 25, 1இன் வர்க்கம் 1, கூட்டினால் 26. அதன் வர்க்கமூலம் 5.10.

இப்போது மூன்று லட்சம் ரூபாய் செலவழித்து, கருவியின் பிழையைப் பாதியாக, அதாவது 0.5 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டோம் என்று கொள்வோம். மொத்தப் பிழை 5.02 ஆகிறது. லாபம் 0.08 மில்லிமீட்டர். 60 குண்டுகளுக்கும் கணக்கிட்டால், கிடைப்பது ஏறத்தாழ 2 புள்ளிகள். மாறாக, துப்பாக்கியை அப்படியே விட்டுவிட்டு, பயிற்சியால் சுடுபவரின் பிழையை 5இலிருந்து 4 மில்லிமீட்டராகக் குறைத்தால் மொத்தப் பிழை 4.12 ஆகிறது. அதே 60 குண்டுகளில் கிடைப்பது ஏறத்தாழ 23 புள்ளிகள். எண்கள் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்பட்டவைதான். ஆனால், அவை காட்டும் விதி எந்த எண்ணுக்கும் பொருந்தும். முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைக் குறைத்தால்தான் கர்ணம் குறிப்பிடத்தக்க அளவில் சுருங்கும்.

இதைப் பயிற்சியாளரிடம் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, 'கணக்கு சரி சார், களம் வேறு' என்றார். அதுவும் நியாயம்தான். எனவே களத்திலேயே ஒரு சோதனை செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன். மாநில அளவில் விளையாடும் மூத்த மாணவி ஒருவரிடம், என் பேத்தி பயன்படுத்தும் அதே பழைய துப்பாக்கியைக் கொடுத்து 20 குண்டுகள் சுடச் சொன்னோம். தோள்தாங்கி அவருக்குப் பொருந்தவில்லை, டிரிகரும் பழக்கமில்லாதது. அப்படியிருந்தும் குண்டுக்குச் சராசரியாக 10.1 புள்ளி எடுத்தார். அந்தத் துப்பாக்கியால் 60 குண்டுகளில் 600ஐத் தாண்ட முடியும் என்பது அதோடு உறுதியாயிற்று. 540இல் நிற்கும் ஒருவர் அதைக் குறை சொல்ல இடமில்லை. எந்தப் பெற்றோரும் ஒரு ரூபாய்கூடச் செலவின்றிச் செய்யக்கூடிய சோதனை இது. புதிய துப்பாக்கி வாங்கும் முன், உங்கள் பிள்ளையைவிடத் திறமையான ஒருவரைப் பழைய துப்பாக்கியால் சுடச் சொல்லுங்கள்.

அப்படியானால், கருவிக்குச் செலவு செய்வதே வீணா? அதுவும் உண்மையல்ல. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தகுதிச் சுற்றின் நடுவே கைத்துப்பாக்கி கோளாறு கண்டு, அதைச் சரிசெய்வதில் அரிய நிமிடங்களை இழந்தார். இரண்டே புள்ளிகளில் இறுதிச் சுற்று நழுவியது. 2016 ரியோவில் பிந்த்ராவின் துப்பாக்கிக் குறிநோக்கி போட்டியன்று காலையில் உடைந்துபோனது. மாற்றுக் குறிநோக்கியுடன் சுட்ட அவர் நான்காம் இடம் பெற்றார். கருவி கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவை சான்றுகள். எனினும், இவ்விரண்டும் பழுது பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். பராமரிப்பும் மாற்று உதிரிபாகமும் எல்லோருக்கும் தேவை; மேம்படுத்தல் என்பது வேறு.

உச்சத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கே மாறுகிறது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பாரிஸ் தகுதிச் சுற்றில் 630.7 புள்ளிகள் எடுத்தார். குண்டுக்கு 10.5 புள்ளி, சராசரி விலகல் 1.2 மில்லிமீட்டர். அவ்வளவு எடுத்தும் பத்தாம் இடமே கிடைத்தது. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே செல்ல முடியும். இந்த நிலையில் மனிதப் பிழை 1.1, கருவிப் பிழை 0.5 என்றால் மொத்தம் 1.21. கருவிப் பிழையை 0.3 ஆக்கினால் 1.14. அறுபது குண்டுகளில் ஒன்றரைப் புள்ளிக்குச் சற்று அதிகம். 540இல் நிற்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 630இல் நிற்பவருக்கு இறுதிச் சுற்றுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம். அதே பாரிஸ் போட்டியின் இறுதிச் சுற்றில் தென் கொரியாவின் பான் ஹியோஜினும் சீனாவின் ஹுவாங் யூடிங்கும் 251.8 என்று சமநிலையில் நின்றனர். ஒரே ஒரு கூடுதல் குண்டு தங்கத்தைத் தீர்மானித்தது. 10.4க்கு 10.3. இடைவெளி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்.

அந்தப் பான் ஹியோஜினுக்கு அப்போது வயது 16. துப்பாக்கி சுடுதலைத் தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உயர் தொழில்நுட்பம் எப்போதும் நன்மையே தரும் என்பதற்கும் உறுதி இல்லை. பந்தயத் துப்பாக்கிகளின் சாதாரண டிரிகரையே சில பத்து கிராம் அழுத்தத்தில் இயங்கும்படி அமைத்துக்கொள்ளலாம். மின்னணு டிரிகர் அதை இன்னும் சீராக்குகிறது. ஆனால், மென்மையான டிரிகர் விரலின் தவறையும் அதே மென்மையோடு ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 2008 பெய்ஜிங்கில் 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் போட்டியின் இறுதிச் சுற்றில் தெளிவான முன்னிலையில் இருந்தார். கடைசிக் குண்டு. துப்பாக்கியை இலக்கை நோக்கி இறக்கும்போதே விரல் டிரிகரில் பட்டுவிட்டது. 4.4 புள்ளி. தங்கம் போய் நான்காம் இடம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் அவரே கடைசிக் குண்டைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டு, கைக்கு எட்டிய தங்கத்தை இழந்திருந்தார். உலகின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவர் அவர். கருவியில் எந்தக் குறையும் இல்லை. இந்த இரு தவறுகளையும் தடுக்கக்கூடிய உதிரிபாகம் எந்தப் பட்டியலிலும் கிடையாது.

பிந்த்ராவின் தங்கத்துக்குப் பின்னும் இப்படியொரு செய்தி உண்டு. இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டுகள் மையத்தை விட்டு வெகுதூரம் விலகின. காலையில் சரியாக இருந்த குறிநோக்கி எப்படியோ மாறியிருந்தது. எஞ்சிய சில நிமிடங்களில் பதற்றப்படாமல் அதைத் திருத்திக்கொண்டு, கடைசிக் குண்டில் 10.8 எடுத்து முடித்தார். வசதியான குடும்பத்தில் பிறந்து, வீட்டு வளாகத்திலேயே சுடுதளம் அமைத்துப் பயின்றவர் அவர். பணத்தால் வாங்கக்கூடிய அனைத்தும் அவரிடம் இருந்தன. அந்தச் சில நிமிடங்களில் கைகொடுத்தது, ஆயிரக்கணக்கான மணி நேரப் பயிற்சி.

இதற்கு எதிர்த் திசையிலும் மயங்கிவிடக் கூடாது. பாரிஸில் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழக்கமான மூக்குக் கண்ணாடியுடன் சுட்டு வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகெச்சின் படம் உலகெங்கும் பரவியது. 'பாருங்கள், கருவியே தேவையில்லை' என்று பலர் எழுதினார்கள். அவர் கையில் இருந்ததோ பந்தயத்துக்கென்றே உருவாக்கப்பட்ட கைத்துப்பாக்கி. 51 வயதில் அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். அவர் விட்டுவிட்டது தமக்குத் தேவைப்படாத துணைக்கருவிகளை மட்டுமே. எது தேவை, எது தேவையில்லை என்று அறிந்திருந்தார். நாமும் பழக வேண்டியது அந்தத் தெளிவைத்தான்.

அந்தத் தெளிவோடு நாங்கள் பட்டியலைத் திருத்தி எழுதினோம். முதலில் பெல்லட். ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கு ஒவ்வொரு விதமாகப் பொருந்துகிறது. பேத்தி அதுவரை வெவ்வேறு டப்பாக்களில் மிஞ்சியவற்றை ஒன்றாகக் கலந்து சுட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வகைகளைச் சோதித்து, ஒன்றாகக் குவிந்து விழுந்த வகையில் சில டப்பாக்கள் வாங்கினோம். இரண்டாவது, பொருத்தம். ஓராண்டில் அவள் நன்றாக உயர்ந்துவிட்டாள். தோள்தாங்கியின் நீளம் மட்டும் பழைய உயரத்துக்கே இருந்தது. அதைச் சரிசெய்யத் தேவைப்பட்டது ஒரு திருகுச் சாவியும் அரை மணி நேரமும்.

மூன்றாவது, ஜாக்கெட். கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்த இந்த விறைப்பான மேலங்கி, முதுகையும் தோளையும் தாங்கி உடல் ஆட்டத்தைக் குறைக்கிறது. அதன் பயன் உண்மையானது என்பதற்கு விதிமுறையே சாட்சி. சர்வதேசக் கூட்டமைப்பு அதன் தடிமனை 2.5 மில்லிமீட்டருக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. விறைப்பையும் கருவி வைத்து அளக்கிறது. பயன் தராத பொருளுக்கு யாரும் உச்சவரம்பு வைப்பதில்லை. பேத்தி அணிந்திருந்தது யாரோ கொடுத்த பெரிய அளவு ஜாக்கெட். அளவெடுத்துத் தைத்த ஒன்றுக்குச் செலவு செய்தோம்; எங்கள் செலவில் பெரியது அதுதான். நான்காவது, காற்றுச் சிலிண்டர். 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் இந்தச் சிலிண்டர்களின் ஆயுளைத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து ஆண்டுகள் என்று வரையறுக்கிறார்கள். கழகத் துப்பாக்கியின் சிலிண்டர் அந்தக் காலத்தைக் கடந்திருந்தது. புள்ளிக்காக அன்றி, பாதுகாப்புக்காக அதை உடனே மாற்றச் செய்தோம்.

பட்டியலில் இல்லாத ஓர் உயர் தொழில்நுட்பக் கருவியை நானே பரிந்துரைத்தேன். துப்பாக்கிக் குழலில் சிறிய உணரியைப் பொருத்தினால், டிரிகரை அழுத்துவதற்கு முந்தைய விநாடிகளில் குறி எப்படி அலைந்தது என்பதைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும். குண்டே இல்லாமல் வெற்றாகச் சுட்டுப் பயிலவும் இது உதவுகிறது. விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடும். ஒரு குடும்பம் வாங்குவது கடினம். ஒரு கழகம் வாங்கினால் முப்பது பிள்ளைகள் பயன்படுத்தலாம். மற்றத் தொழில்நுட்பங்கள் துப்பாக்கியைத் திருத்துகின்றன. இது மனிதரின் பிழையை அவர் கண்ணுக்கே காட்டுகிறது. எங்கள் கழகம் பெற்றோரிடம் பங்கு திரட்டி ஒன்றை வாங்கியது. என் பேத்தி டிரிகரை அழுத்தும் கணத்தில் மூச்சை இழுத்துவிடுகிறாள் என்பது அந்தத் திரையில் ஒரே நாளில் தெரிந்தது. ஓராண்டாக எவர் கண்ணிலும் படாத பிழை அது.

இங்கேதான் தனிமனிதக் கணக்கு பொதுக் கணக்காக விரிகிறது. நம் விளையாட்டு அமைப்புகள் விலையுயர்ந்த கருவி வாங்கும் பொறுப்பைக் குடும்பங்களின் தோளில் இறக்கிவிடுகின்றன. விளைவு, மூன்று லட்சம் புரட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, தனக்குத் திறமை இருக்கிறதா என்று அறியும் முன்பே விலகிப்போகிறது. மாவட்டக் கழகங்களிலும் விளையாட்டு விடுதிகளிலும் நன்கு பராமரிக்கப்பட்ட பொதுத் துப்பாக்கிகள், வெவ்வேறு அளவுகளில் ஜாக்கெட்டுகள், ஒரு குறிப்பதிவுக் கருவி ஆகியவை இருந்தாலே தொடக்க நிலையின் தேவைகள் பெரும்பாலும் நிறைவேறிவிடும். சொந்தத் துப்பாக்கி என்ற கேள்வி 600ஐத் தாண்டியவர்களுக்கு எழட்டும். அப்போது அதன் செலவை அரசும் நிறுவனங்களும் ஏற்பதில் பொருள் உண்டு. வரிசை மாறிப்போனதுதான் இன்றைய சிக்கல்.

ஏழு மாதங்கள் கடந்துவிட்டன. பேத்தியின் அண்மைப் புள்ளி 558. பதக்கத்துக்கு அருகில்கூட இல்லாத எண்தான். ஆனால் 18 புள்ளிகள் ஏறியிருக்கிறாள், அதே பழைய துப்பாக்கியுடன். நாங்கள் செலவழித்த தொகை பட்டியலில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கிறது. அவளிடம் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறேன்: இந்தத் துப்பாக்கியால் அவள் 600ஐ எட்டும் நாளில் வைப்புத்தொகையை நானே எடுத்துத் தருவேன். பயிற்சியாளரும் இதற்கு ஒப்புக்கொண்டார். தினமும் மாலை பள்ளி விட்டு வந்ததும், வீட்டுச் சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைப் பார்த்தபடி, குண்டு இல்லாத துப்பாக்கியுடன் அரை மணி நேரம் அசையாமல் நிற்கப் பழகுகிறாள். அந்தப் பயிற்சிக்குச் செலவு ஏதும் இல்லை.